பிடித்த ராக் குழுவை முதன்முறை நேரில் கேட்கப் போகிறவருக்கு

கேள்வி சுருக்கமாக இது: பள்ளி நாட்களிலிருந்து ஹெட்போனிலேயே கேட்டு வளர்ந்த ஒரு ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு முதன்முறையாக டிக்கெட் கிடைத்திருக்கிறது. ஆல்பத்தில் கேட்ட மாதிரியே இருக்குமா, இல்லை ஏமாற்றமாகிவிடுமா? எங்கே நிற்பது நல்லது? உயரம் குறைவு, கூட்டத்தை நினைத்தால் கொஞ்சம் பயம். கூட வரவும் ஆள் இல்லை. தனியாகப் போகலாமா?

மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன் நான். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் மேசைக்குப் பின்னாலும் நின்றிருக்கிறேன், கூட்டத்துக்கு நடுவிலும் நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வியை எழுதியவர் எவ்வளவு ஆசையோடு அந்த நாளுக்குக் காத்திருப்பார் என்பது எனக்குப் புரிகிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ஆல்பம் மாதிரி இருக்காது. பாட்டு அதேதான். ஆனால் ஒலி வேறு, சில சமயம் சுருதி வேறு, வேகமும் வேறு. குழு சரியாக வாசிக்காததால் வரும் வித்தியாசம் என்று இதை நினைத்துவிடாதீர்கள். ஸ்டுடியோவில் ஒரு பாட்டு உருவாகும் விதமும் மேடையில் உருவாகும் விதமும் அடிப்படையிலேயே வேறு. அது எப்படி என்று தெரிந்துகொண்டு போனால், அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் காதில் விழுவது பல மடங்கு கூடும்.

ஆல்பத்தில் ஒரே கிட்டார் போலக் கேட்பது பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அதே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துண்டை, அதே ஆள் இரண்டு முறையோ நான்கு முறையோ தனித்தனியாக வாசித்து, சிலவற்றை இடப்பக்கமும் சிலவற்றை வலப்பக்கமும் வைத்து அடுக்கியிருப்பார்கள். கோரஸ் வரும்போது பாடகரின் குரலும் அப்படியே பல அடுக்காக நிற்கும். மேடையில் அவருக்கு ஒரே தொண்டை, கிட்டார் வாசிப்பவருக்கு இரண்டே கை. இதை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்திருக்கிறது. க்வீன் குழு தங்கள் மிகப் புகழ்பெற்ற ஆறு நிமிடப் பாட்டான ‘போஹீமியன் ராப்சடி’யின் நடுவே, இசைநாடகம் போலப் பல குரல்கள் சேரும் ஆப்பரா பகுதியை மேடையில் பாட முயலவே இல்லை. அந்த இடம் வந்ததும் ஒலிநாடாவை ஓடவிட்டு, அவர்கள் மேடையை விட்டு இறங்கிப் போய், கடைசி ராக் பகுதிக்குத் திரும்பி வருவார்கள். ரஷ் குழுவில் மூன்றே பேர் இருந்தார்கள். கெடி லீ பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார், கீபோர்டும் வாசிப்பார், காலால் பெடல்களை மிதித்து சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியின் ஒலிகளையும் எழுப்புவார். இதையெல்லாம் ஆல்பத்தில் எத்தனை முறை கேட்டாலும் தெரிந்துகொள்ள முடியாது. மேடையைப் பார்க்கும்போதுதான் யார் எதைச் சுமக்கிறார்கள் என்பதே தெரியும்.

சுருதி விஷயம் பலர் கவனிக்காதது. நிறையக் குழுக்கள் மேடையில் அரைக்கட்டை இறக்கி வாசிக்கின்றன. மெட்டாலிகா 1990களின் நடுவிலிருந்து மேடையில் பெரும்பாலும் அப்படித்தான். பாடகரின் தொண்டை மாதக்கணக்கில் சுற்றுப்பயணம் தாங்க வேண்டும். இருபத்தைந்து வயதில் ஸ்டுடியோவில் ஒரே ஒரு முறை எட்டிப் பிடித்த உச்ச ஸ்வரத்தை ஐம்பது வயதில் வாரத்துக்கு நான்கு இரவு பிடிப்பது என்பது வேறு கதை. அதனால் உங்களுக்குப் பிடித்த பாட்டின் முதல் ஸ்வரம் விழுந்ததும் ‘என்னவோ கனமாக இருக்கிறதே’ என்று தோன்றினால், காரணம் இதுவாக இருக்கலாம். எனக்கு அந்தக் கனம் பிடிக்கும். கிட்டார் கம்பி கொஞ்சம் தளர்ந்திருப்பதால் ரிஃபுக்கு ஒரு இருட்டான நிறம் வந்துவிடுகிறது.

தாளமும் மேடையில் கொஞ்சம் முன்னே ஓடும். டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் தாளத்தை எண்ணிக்காட்டும் கிளிக் ஒலி ஓடிக்கொண்டிருந்தால் வேகம் மாறாது. கிளிக் இல்லாத குழு என்றால் கூட்டத்தின் உற்சாகம் அப்படியே அவர் கைக்குப் போய்விடும். ஆல்பத்தில் மெல்லத் தேய்ந்து மறையும் பாட்டுகளை மேடையில் அப்படி மறையவிட முடியாது. எங்காவது நிறுத்தியாக வேண்டும். அந்த முடிவை குழு மேடைக்கென்றே தனியாக யோசித்து வைத்திருக்கும். ஆல்பத்தில் இல்லாத இசை அது, காத்திருந்து கேளுங்கள். லெட் செப்பலின் தங்கள் முதல் ஆல்பத்தில் ஆறரை நிமிடம் ஓடும் ஒரு பாட்டை மேடையில் இருபது நிமிடத்துக்கு மேல் வளர்த்தெடுப்பார்கள். மேடையில் பாட்டு எந்தப் பக்கமும் வளரலாம், எங்கேயும் நிற்கலாம்.

எனவே போவதற்கு முந்தைய வாரங்களில் ஸ்டுடியோ ஆல்பங்களையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். அவை உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். மேடையில் வாசித்ததையே பதிவு செய்த நேரடி ஆல்பம் அந்தக் குழுவுக்கு ஏதாவது இருந்தால் அதைக் கேளுங்கள். சமீபத்தில் வந்த புது ஆல்பத்தையும் கட்டாயம் கேளுங்கள். புதுப் பாட்டு தொடங்கியதும் கூட்டத்தில் பாதிப் பேர் தண்ணீர் வாங்கவும் கழிவறைக்கும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் குழு அன்று மிகவும் ஆசையாக வாசிப்பது பெரும்பாலும் அந்தப் பாட்டைத்தான். பழைய பாட்டை ஆயிரம் முறை வாசித்த விரல்கள் புதுப் பாட்டுக்கு இன்னும் கவனமாக இருக்கும்.

அன்று வாசிக்கப்போகும் பாட்டுகளின் பட்டியலை, அதாவது செட்லிஸ்டை, முன்னாலேயே பார்ப்பதா என்று கேட்டால், முதன்முறை போகிறவர் பார்க்காமல் போவதே நல்லது என்பது என் எண்ணம். விளக்கு அணைந்து முதல் ஒலி வரும் அந்த நொடியில் எந்தப் பாட்டு என்று தெரியாமல் நிற்பது முதல் தடவைக்குத்தான் முழுதாகக் கிடைக்கும். பேர்ல் ஜாம் மாதிரி ஒவ்வோர் இரவும் பட்டியலை மாற்றும் குழு என்றால் பார்த்தும் பயனில்லை. விளக்கும் மேடைத் திரையில் ஓடும் காட்சிகளும் பாட்டோடு நொடிக்கு நொடி கோத்திருக்கும் பெரிய நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் ஒவ்வோர் ஊரிலும் அதே பட்டியல்தான். ஒரு குறிப்பிட்ட பாட்டுக்காகவே போகிறீர்கள், அது இல்லை என்று அங்கே போய்த் தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்றால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒலி. எங்கே நிற்பது என்ற கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் அதிகமானோர் வந்திருந்தார்கள். மேடையில் இருந்தவை வாக்ஸ் நிறுவனம் அந்தச் சுற்றுப்பயணத்துக்காகச் செய்து தந்த 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள். குரல் ஸ்டேடியத்தின் அறிவிப்பு ஸ்பீக்கர்கள் வழியாகவும் போனது. வாசிப்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் கிடையாது. ரசிகர்களின் கூச்சலில் எதுவும் கேட்காமல், மற்ற மூவரின் உடல் அசைவைப் பார்த்தே பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டதாக டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறு ஆண்டு ஆகஸ்டோடு அவர்கள் சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டார்கள். அன்று வந்தவர்கள் பீட்டில்ஸைப் பார்த்தார்கள் என்று சொல்லலாம், கேட்டார்கள் என்று சொல்வது கடினம்.

அங்கிருந்து ஒலி வந்த தூரம் பெரிது. 1974இல் கிரேட்ஃபுல் டெட் குழுவுக்காக அவர்களின் ஒலி அமைப்பாளர் ஓஸ்லி ஸ்டான்லியும் அவருடைய கூட்டாளிகளும் சுமார் 75 டன் எடையுள்ள ஒரு ஸ்பீக்கர் சுவரையே எழுப்பினார்கள். அதைக் குழுவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். வாசிப்பவர் கேட்பதும் கூட்டம் கேட்பதும் ஒன்றே. பின்னாலிருந்து வரும் ஒலி மைக்கில் நுழைந்து அலறாமல் இருக்க ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக் வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கினார்கள். இரண்டிலும் சமமாக நுழையும் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். பாடகர் ஒரு மைக்கில் மட்டும் வாய் வைத்துப் பாடுவதால் அவர் குரல் தப்பிக்கும். என்ன ஒரு யோசனை! ஆனால் ஊர் ஊராக அதைத் தூக்கிக்கொண்டு போகும் செலவு தாங்கவில்லை, அதே ஆண்டோடு முடிந்தது. 1990களில் பிரான்சின் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முறைதான் இன்று நீங்கள் பார்க்கப் போவது: மேடையின் இரு பக்கமும் ஸ்பீக்கர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கி, அடியில் உள்வளைந்து இருக்கும். லைன் அரே என்பார்கள். மேலே உள்ள பெட்டிகள் தூரத்துக்கும் கீழே வளைந்தவை அருகில் உள்ளவர்களுக்கும் ஒலியைக் கொடுக்கும். முன்வரிசைக்காரர் காது கிழியாமல் பின்வரிசைக்காரருக்கும் சொற்கள் புரிவது இதனால்தான்.

சரி, எங்கே நிற்பது? நல்ல ஒலி வேண்டுமென்றால் மிக்ஸர் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். கூட்டத்தின் நடுவில் சிறு வேலி போட்டு, மேசையும் விளக்குமாக இருக்கும். ஒலிக் கலவை செய்பவர் அங்கே நின்று தன் காதில் விழுவதை வைத்துத்தான் முழு நிகழ்ச்சியையும் சரி செய்கிறார். அவருக்குச் சற்று முன்னாலோ பக்கத்திலோ நின்றால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: சில அரங்குகளில் மிக்ஸரைக் கொண்டுபோய் பால்கனிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அங்கே மேல் ஒலிகள் மங்கி, பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி மட்டும் உறுமும். அப்படி இருந்தால் பால்கனி விளிம்பைத் தாண்டி முன்னால் வந்துவிடுங்கள்.

மேடைக்கு ஒட்டி, வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் இருக்கும் சுகமே வேறு. பாடகரின் நெற்றி வியர்வை தெரியும், கிட்டார் வாசிப்பவரின் விரல் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று தெரியும். ஆனால் ஒலி அங்கே சமமாக இருக்காது. பெரிய ஸ்பீக்கர்கள் உங்கள் தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் போய்விடுகின்றன. நீங்கள் கேட்பது நேராக மேடையிலிருந்து வரும் டிரம்ஸும் எதிரில் இருக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும். மேடை விளிம்பில் சிறு ஸ்பீக்கர்கள் வைத்திருந்தால் குரல் கொஞ்சம் கிடைக்கும், இல்லாவிட்டால் பாடகரின் வாயசைவைப் பார்த்து நீங்களே பாட்டை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். வரிகள் மனப்பாடமாகத் தெரிந்த ரசிகருக்கு அதுவும் குறையாகத் தெரியாது. மிகவும் பிடித்த குழு, வாழ்நாளில் மறுபடி வருமா தெரியாது என்றால் நான் முன்னால்தான் நிற்பேன்.

சுவரோரமும் மூலையும் வேண்டாம், பேஸ் அங்கே குவிந்துவிடும். நடுக்கோட்டிலும் பேஸ் கூடுதலாக இருக்கும், ஆனால் அது வேறு காரணத்தால்: இரு பக்க பேஸ் ஸ்பீக்கர்களின் ஒலியும் நடுவில் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து பலமாகின்றன. சற்று இடமோ வலமோ நகர்ந்தாலே சில ஸ்வரங்கள் பலமாகவும் சில மெலிந்தும் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட ஏழு மீட்டர். அதனால் பேஸில் ஏற்படும் மாற்றம் சில அடிகள் நகர்ந்தாலே தெரியும். ஒலி சரியில்லை என்று தோன்றினால் அங்கேயே நின்று வருந்தாதீர்கள், நகர்ந்து பாருங்கள்.

பெரிய திறந்தவெளியில் இன்னொன்று கவனிப்பீர்கள். டிரம்ஸ் குச்சி இறங்குவது கண்ணுக்கு முதலில் தெரியும், ஒலி பின்னால் வரும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும், எனவே நூறு மீட்டர் பின்னால் நிற்பவருக்குக் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம். மைதானத்தின் நடுவே நிற்கும் ஸ்பீக்கர் கோபுரங்களுக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி அனுப்புவார்கள். மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலி அந்த இடத்துக்கு வந்து சேரும் நேரமும் அதுவும் பொருந்த வேண்டும். காற்று பலமாக அடித்தால் ஒலி அலைந்து அலைந்து வரும். அதை யாராலும் முழுதாகத் தடுக்க முடியாது.

முதல் இரண்டு மூன்று பாட்டுகளில் ஒலி கலங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒலி சரிபார்க்கும்போது அரங்கம் காலி. சுவரில் பட்டு எல்லாம் எதிரொலித்தது. இப்போது ஆயிரக்கணக்கான உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சுகின்றன, வெப்பமும் ஈரமும் கூடிவிட்டன. கலவை செய்பவர் மாறிப்போன அந்த அரங்கத்தைப் புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் அந்த மேசையில் நின்ற நாட்களில் கூட்டம் நுழைந்தபின் வந்த முதல் பாட்டுதான் எனக்கு மிகவும் படபடப்பான நேரம். நான்காவது பாட்டில் குரல் மேலே வந்து, கிட்டாரும் பேஸும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால், அது எப்படி நடந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

காதுக்கு வருகிறேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியே பயனில்லை. ராக் நிகழ்ச்சியில் கூட்டம் நிற்கும் இடத்தில் ஒலி 100 டெசிபலைச் சுற்றி இருப்பது சகஜம். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் அளவின்படி 85 டெசிபல் எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அப்படிக் கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். நிகழ்ச்சியோ இரண்டு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் அரங்குகளுக்கென்றே ஒரு வரையறையை வெளியிட்டது: சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் வேண்டும் என்று.

1976 மே 31 அன்று லண்டன் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ குழு வாசித்தது 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் என்று கின்னஸ் பதிவு செய்தது. பின்னர் கின்னஸ் இந்தப் பிரிவையே கைவிட்டது. சாதனைக்காக ஆட்கள் காதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான். அந்தக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் காது மந்தத்தோடும் ஓயாத இரைச்சலோடும் வாழ்கிறவர், இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியும் வருகிறார். ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் மருத்துவர்கள் எச்சரித்ததால் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலக வேண்டியதாயிற்று. உள்காதில் உள்ள நுண்ணிய முடிச் செல்கள் ஒருமுறை செத்துவிட்டால் மனிதரில் அவை மறுபடி வளர்வதில்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பஞ்சு போன்ற நுரை அடைப்பான் மேல் ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும். டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டுகளின் பளபளப்பும் குரலின் தெளிவும் போய், போர்வைக்கு அடியிலிருந்து கேட்பது போல ஆகும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் அடைப்பான்கள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், அதை வாங்குங்கள். டிக்கெட் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. நிறையப் பேர் அனுபவம் குறைந்துவிடும் என்று தயங்குகிறார்கள். எனக்கோ அடைப்பான் போட்டபின் வரிகள் இன்னும் தெளிவாகக் கேட்கின்றன. அளவுக்கு மீறிய ஒலியில் காதே ஒலியைக் கலங்கலாக்கிவிடுகிறது, அதைக் குறைத்தால் பிரித்துக் கேட்க முடிகிறது. பேஸும் டிரம்ஸும் உங்கள் நெஞ்சில் அடிப்பது அடைப்பானால் குறையவே குறையாது. வீட்டில் ஒருமுறை போட்டுப் பழகுங்கள். காது மடலை மேலே பின்னோக்கி இழுத்துக்கொண்டு செருகினால்தான் சரியாக உட்காரும். முதல் பாட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். மறுநாள் காதில் ஙொய்யென்ற இரைச்சல் இருந்தால் அன்று முழுதும் ஹெட்போன் வேண்டாம். ஓரிரு நாளில் அடங்காவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.

கூட்டம் பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1979 டிசம்பர் 3 அன்று சின்சினாட்டியில் தி ஹூ நிகழ்ச்சிக்கு முன் வாசலிலேயே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரொஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் 9 பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் இசை கேட்க வந்தவர்கள். இந்த மாதிரி நெரிசலில் பலரும் மிதிபட்டு இறப்பதைவிட, நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று இறக்கிறார்கள். இவற்றுக்குப் பிறகு வேலிகளின் அமைப்பும் கூட்டத்தைக் கண்காணிக்கும் முறையும் நிறையத் திருந்தியிருக்கின்றன. பெரும்பாலான நிகழ்ச்சிகளில் நீங்கள் பத்திரமாகவே இருப்பீர்கள்.

ஆனாலும் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருக்கினால் நீங்கள் உங்கள் காலால் நகர்வது நின்று, கூட்டம் உங்களை நகர்த்தத் தொடங்கும். அந்த நிலை வருவதற்கு முன்பே, கையை உயர்த்த முடியாத அளவு ஆகும்போதே விலகுங்கள். இரு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்கு அந்த இடம் போதும். தள்ளுபவர்களை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓய்ந்த இடைவெளியில் குறுக்காக, ஓரத்தை நோக்கி நகருங்கள். போன் கீழே விழுந்தால் குனியாதீர்கள். முன்வரிசையில் இருந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் காவலரைப் பார்த்துக் கை காட்டினால் தூக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். அதற்காகவே அவர்கள் நிற்கிறார்கள். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்துவது ராக் கூட்டத்தின் பழைய வழக்கம். நடுவில் திடீரென்று ஒரு வட்டம் திறந்து ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதத் தொடங்கினால் அது மோஷ் பிட். பார்க்கச் சண்டை மாதிரி இருக்கும், சண்டை இல்லை. வேண்டாம் என்றால் பத்தடி தள்ளி நின்றால் போதும்.

உயரம் குறைந்தவருக்கு நடுக்கூட்டம் சரிப்படாது, முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். படிக்கட்டோ மேடான தரையோ உள்ள இடத்தைச் சீக்கிரம் போய்ப் பிடியுங்கள். இருக்கைகள் உள்ள அரங்கம் என்றால் மேடைக்கு எதிரே முதல் மாடியின் முன்வரிசை அருமையான இடம். மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கும் இடங்களில் ஒலி சுமார்தான், ஆனால் டிரம்ஸ் வாசிப்பவரை முழுதாகப் பார்க்கலாம். டிரம்ஸ் பிடிக்கும் என்றால் அது பெரிய வரம்.

உங்கள் குழுவுக்கு முன்பு மேடை ஏறும் துணைக் குழுவைத் தவறவிடாதீர்கள். 1967இல் தி மங்கீஸ் குழுவைப் பார்க்க வந்த இளைஞர் கூட்டத்துக்கு முன்னால் துவக்கத்தில் வாசித்தவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ராக் கிட்டாரின் மேதை என்று இன்று போற்றப்படுபவர். கூட்டம் அவரைக் கேட்கத் தயாராக இல்லை, சில நிகழ்ச்சிகளோடு அவர் விலகிவிட்டார். அந்த இருக்கைகளில் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.

உங்கள் குழு மேடை ஏறியதும் எல்லோர் கண்ணும் பாடகர் மேல் இருக்கும். முதல் பாட்டில் உங்கள் கண்ணும் அங்கேதான் போகும், போகட்டும். அப்புறம் மெல்லப் பேஸ் வாசிப்பவர் பக்கம் பாருங்கள். அவரும் டிரம்ஸ் வாசிப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடங்களைக் கவனியுங்கள். பாட்டின் அடுத்த பகுதிக்கான சைகை பல நேரம் அந்தப் பார்வையில்தான் போகிறது. பாடகர் காதைத் தொட்டு விரலை மேலே காட்டினால் தன் குரலையும் குழுவையும் கேட்கக் காதில் மாட்டியிருக்கும் கருவியின் ஒலியைக் கூட்டச் சொல்கிறார். பாட்டு முடிந்த இருட்டில் ஒருவர் ஓடி வந்து கிட்டாரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய சுருதியில் கிட்டார்களைத் தயாராக வைத்திருப்பவர் அவர். சிறு தப்பு நடந்தால் அதையும் பாருங்கள். தப்பிலிருந்து ஒரு குழு எப்படிச் சிரித்துக்கொண்டே மீண்டு வருகிறது என்பதில் அவர்கள் எத்தனை வருடம் சேர்ந்து வாசித்தவர்கள் என்பது தெரிந்துவிடும்.

கூட்டம் சேர்ந்து பாடுவதும் இசையின் பகுதிதான். 1977இல் இங்கிலாந்தின் பிங்லி ஹாலில் நிகழ்ச்சி முடிந்தபின் கூட்டமே சேர்ந்து பாடியதைக் கேட்ட க்வீன் குழு, ரசிகர்களும் பங்கெடுக்கும்படி பாட்டு எழுத வேண்டும் என்று முடிவு செய்தது. இருமுறை காலால் தட்டி ஒருமுறை கையால் தட்டும் ‘வீ வில் ராக் யூ’ பாட்டு அப்படிப் பிறந்ததாகக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே சொல்லியிருக்கிறார். எனவே கூச்சப்படாமல் பாடுங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை, ஆயிரம் குரல்கள் சேரும்போது சராசரியில் சுருதி வந்துவிடும். மெதுவான பாட்டில், பாடகர் தனியாகக் கிட்டாரோடு நிற்கும்போது மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

போனில் படம் எடுப்பதை நான் தடுக்கவில்லை. ஒரு பாட்டின் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு பையில் போட்டுவிடுங்கள். அந்தச் சிறு மைக் இவ்வளவு ஒலியைத் தாங்காது, பதிவில் பெரும்பாலும் உடைந்த இரைச்சல்தான் மிஞ்சும். டூல் குழு நிகழ்ச்சி முழுதும் போனுக்குத் தடை போட்டுவிட்டு, பல இடங்களில் கடைசிப் பாட்டுக்கு மட்டும் அனுமதிக்கிறது. அந்த முறை எனக்குச் சரியாகவே படுகிறது. அரங்கில் தடை இருந்தால் கட்டாயம் மதியுங்கள். ஒளி வேகமாக விட்டுவிட்டு மின்னும் நிகழ்ச்சிகள் உண்டு; வலிப்பு வரும் உடல்நிலை இருந்தால் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பாட்டு என்று சொல்லி உள்ளே போனவுடன் கிளம்பிவிடாதீர்கள். அரங்க விளக்குகள் எரியவில்லை என்றால் குழு திரும்ப வரப்போகிறது என்று அர்த்தம். விளக்கு எரிந்து, ஸ்பீக்கரில் வேறு யாருடைய பாட்டோ ஓடத் தொடங்கினால்தான் நிகழ்ச்சி முடிந்தது.

தனியாகப் போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போங்கள். துணையோடு போனால் அவருக்குப் பிடிக்கிறதா, கால் வலிக்கிறதா என்று உங்கள் மனதில் ஒரு பகுதி அங்கேயே இருக்கும். தனியாகப் போனால் ஒலி சரியில்லாத இடத்திலிருந்து யாரையும் கேட்காமல் நகரலாம், முன்னால் போகலாம், மூச்சு முட்டினால் பின்னால் வந்துவிடலாம். பக்கத்தில் நிற்பவரிடம் எந்த ஆல்பம் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள், துணைக் குழு வாசித்து முடிப்பதற்குள் நண்பராகியிருப்பார். வீட்டில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, நாள் முழுக்க நிற்க வசதியான மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய பை அனுமதி என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் வண்டியை நிகழ்ச்சி முடியும் நேரத்துக்கு நன்றாகப் பின்தள்ளியே ஏற்பாடு செய்யுங்கள். நிகழ்ச்சிகள் தாமதமாகத் தொடங்கும், முடிந்தபின் திரும்ப வந்து வாசிக்கும் என்கோர் நீளும், வெளியே வருவதற்கே அரை மணி நேரம் ஆகலாம். வண்டிக்குப் பயந்து கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டு ஓடும்படி மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.